ஆயிரம் கிராம்

வாரநாட்களில் அது என்னிடம் இல்லை.
சட்டப்படி சுவா சூ காங்கில் தூங்குகிறது,
இரண்டு பூட்டு, ஒரு கேமரா, ஓர் ஏட்டுக்குள்.
என்னைவிட மூன்று வயது மூத்த பிஸ்டல்.
இருபத்திரண்டு தோட்டா, வால்நட் பிடி,
பிடியில் யாரோ ஒருவரின் கட்டைவிரல்
தேய்த்துவிட்டுப் போன பள்ளம்.
வீட்டுக்கு நான் விரலை மட்டும் கொண்டுவருகிறேன்.

திருச்சிக்குப் பெட்டி நிறுத்த
முஸ்தபாவில் வாங்கிய கொக்கித் தராசை
கழிவறைத் தண்ணீர்ப் பீச்சியில் மாட்டி
இழுத்துப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.
ஆயிரத்து எழுநூறு கிராம்,
நடுவே சோற்றில் கல் கடித்ததுபோல் ஒரு தடுக்கல்.

ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு.
ஜூரோங்கில் நாளொன்றுக்கு நாற்பது முழங்கை.
நரம்பை விரல்தான் முதலில் பார்க்கும்,
கண் பிறகு ஒப்புக்கொள்ளும்.
அதனால்தான் மார்ச் மாதமே எனக்குத் தெரிந்தது
விசை பொய் சொல்கிறதென்று.
தெரிந்தும் சொல்லவில்லை. லேசாக இருந்தது, பிடித்திருந்தது.

போட்டியில் நடுவர் எடைக்கல்லை விசையில் மாட்டினார்.
பிஸ்டல் மெல்ல மேலே போனது,
கல் மேசையை விட்டு எழுமுன்
டிக்.
ஆயிரம் தாங்க வேண்டும். தொள்ளாயிரத்து அறுபதில் விட்டுவிட்டது.
நாற்பது கிராம், ஒரு சின்ன முட்டைகூட இல்லை.
பட்டியலில் இளநகை மாணிக்கவேலுவைக் கடந்து
ஒரு நேர்கோடு போனது.

சனிக்கிழமை ஹைருல் அதைப் பிரித்துப் போட்டார்,
வெள்ளைத் துணியில், மீன் முள்ளெடுப்பதுபோல்.
பூதக்கண்ணாடிக்குக் கீழே சுத்தியலைப் பிடித்துநிறுத்தும் கொக்கி:
பழைய உரிமையாளர் ஒருவர் லேசுக்கு ஆசைப்பட்டு
விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்கிறார்.
"தேய்ச்சிடலாம் கக், தேய்ச்சதை ஒட்ட முடியாது."
புதுக்கொக்கிக்கு மனு, முத்திரை, மறுபடி மனு.
பதினோரு வாரம்.
அதுவரை பீச்சியோடு பயிற்சி.

மாட்டியபின் திருகைக் கால் சுற்று,
மனம் மாறி அதில் பாதி திரும்ப.
எடைக்கல் எழுந்தது. நின்றது. சுற்றிக்கூட ஆடியது.

நானும் தொட்டுப் பார்த்தேன்.
முதலில் ஒரு தளர்வு, ஒன்றுமில்லாத வழி.
பிறகு சுவர்.
சுவரில் விரல் சாய்ந்து நிற்க இடமிருந்தது,
உரசல் இல்லை, மணல் இல்லை,
பிறகு ஊசிமுனைக்கு நரம்பு
திடீரென வழிவிடும் அந்த ஒரு நொடி.
அதற்கப்பால் போகவில்லை. அதுதான் முக்கியம்.
அப்பால் போனால் மறுசுவர் துளையும்,
மறுநாள் முழங்கையில் நாவல்பழம் பழுக்கும்.
முன்னைவிடக் கனம்தான்.
லேசு வேறு, நல்லது வேறு என்று
நாற்பத்தாறு வயதில் ஒரு விரலுக்குப் புரிந்தது.

இனிக் குறை சொல்ல விசை இல்லை.

ஷியூ பெங் என் தோட்டாக்கூட்டை வாங்கி
முதுகைத் திருப்பிக்கொண்டு நிரப்பித் தந்தாள்.
ஒன்று. இரண்டு. நல்ல சத்தம்.
மூன்றாவது வெற்றுத் தோட்டா.
சத்தமே வரவில்லை, ஆனாலும்
குழலின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது,
வராத அதிர்ச்சிக்கு வணக்கம் சொல்வதுபோல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஹைருல் பித்தளை உறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்,
ஏற்கெனவே பெருக்கிய இடத்தில்.

நாற்பது கிராம் அதனுடையது.
மீதி என்னுடையது. இதற்கு எந்தத் திருகு?

கையெழுத்துப் போட்டு அதைத் திரும்பக் கொடுத்தேன்.
172 கல்லறைகளைத் தாண்டிப் போகிறது,
சீனக் கல்லறை, முஸ்லிம் கல்லறை, மழை.
இறங்கும் மணிப்பொத்தானில் விரலை வைத்து
எப்போது ஒலிக்கும் என்று எனக்கே தெரியாமல்
மெல்ல, மெல்ல அழுத்துகிறேன்.
பின்சீட்டில் யாரோ முந்திக்கொள்கிறார்கள்.
மணி அடிக்கிறது.
என் கண் சிமிட்டிவிட்டது.